அடிக்கட்டையில் பார்த்த தூக்குக்குண்டு

கல்லூரிச் சோதனைச்சாலைக்கு மின்சாரக் கடிகாரம் ஒன்று வந்திருக்கிறது. மேலிருந்து விழும் குண்டு எத்தனை நேரத்தில் தரையைத் தொடுகிறது என்பதை அது நூறில் ஒரு பங்கு செகண்டு வரை சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்கப் போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டீ கொடுத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், “அந்தக் காலத்தில் நீங்கள் காதால் கேட்டா கணக்குப் பார்த்தீர்கள்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காது என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. ஒரே ஒரு தடவை நான் கண்ணை நம்பி ஏமாந்தேன். அன்று ஒரு மனிதனின் கழுத்துக்குக் கயிறு வர இருந்தது. அந்தக் கதையைச் சொன்னால் டீ ஆறிவிடும் என்று அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் அந்தச் சோதனைச்சாலையில் மெக்கானிக்காக இருந்தவன். தக்கலைப் பக்கம் பிறந்தேன். அப்பா தச்சர். பத்தொன்பது வயதில் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே அறை எடுத்துத் தங்கினேன். இரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். ஒரு நாள் நான் இழைப்புளி போட்ட பலகையின் மேல் மகாதேவய்யர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை. மறுநாள் முதல் நான் மெக்கானிக். என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

மகாதேவய்யர் பௌதிகத்துக்குத் தலைமை ஆசிரியர். கிழக்கேகோட்டை அக்ரகாரத்திலிருந்து பஞ்சகச்சமும் மூடிய கோட்டும் தலைப்பாகையுமாக நடந்தே வருவார். வந்ததும் கையைக் கழுவுவார். யாரையும் அவர் ‘தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. தப்பாக வந்தால், “இன்னொரு தடவை” என்பார். பத்துத் தடவை தப்பினாலும் அதே குரலில் “இன்னொரு தடவை.” திட்டு வாங்கினாலும் தேவலை என்று இருக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் நிரப்ப வேண்டிய தாள் ஒன்றை அவர் அச்சடித்து வைத்திருந்தார். அதில் பதினோரு கேள்விகள். மேஜை மட்டமா? கோல் சரிபார்த்ததா? ஆறாவது கேள்வி, ‘தூக்குக்குண்டு பார்த்ததா?’ கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அதே குண்டுதான். எங்களுக்குச் சோதனைத் தாங்கி நேராக நிற்கிறதா என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு முப்பது தாள் நிரப்புவேன். கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல் கை தானாக ‘ஆம்’ எழுதும்.

அவருக்கு மிகவும் பிடித்த சோதனை இரட்டைக் குண்டு. அந்தப் பித்தளைக் குண்டுகளை ஆரியசாலைப் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கியிருந்தோம். தாங்கி நான் செய்தது. விசையைத் தட்டினால் ஒரு குண்டு நேர்கீழே விழும். அதே நொடியில் மற்றது பக்கவாட்டில் பாய்ந்து தூரப்போய் விழும். தூரம் போகிற குண்டுக்கு அதிக நேரம் ஆகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆகாது. இரண்டும் ஒன்றாகத்தான் தரையைத் தொடும். பூமி இழுக்கிற இழுப்புக்கு, எறிந்த பொருள் விட்ட பொருள் என்ற பட்சபாதம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ‘டொக்’ என்று ஒரே சத்தம்.

ஒரு ஆடி மாதம் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் கல்லூரி பார்க்க வந்தார். அந்த மழையில் மரம் ஊறி உப்பி விசை பிடித்துக்கொண்டது. டொக், டொக் என்று இரண்டு சத்தம் கேட்டது. வந்தவர் கவனிக்காமல், “பேஷ், ஒரே சத்தம்தான்” என்றார். மகாதேவய்யர் சும்மா இருந்திருக்கலாம். “இல்லை, இரண்டு கேட்டது” என்று சொல்லி அவரை முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே வியர்த்தேன்.

இனி அந்த வழக்கு. திருவிதாங்கூரில் தூக்குத்தண்டனையை எடுத்துவிடுவதற்கு முந்திய காலம். திருவல்லத்துக்கு அப்பால் ஒரு பெரிய வீட்டுத் தோப்பில் ஞானமுத்து என்ற தென்னையேறி தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, கீழே நின்ற அந்த வீட்டுக் காரியஸ்தனின் தலையில் ஒரு தேங்காய் விழுந்தது. ஆள் அங்கேயே செத்துப்போனார். முந்தின நாள்தான் காரியஸ்தன் பத்துப் பேர் பார்க்க ஞானமுத்துவைக் கன்னத்தில் அறைந்திருந்தார். இவனும், “உமக்க தலையில இடி விழும்” என்று சொல்லியிருந்தான். தேங்காய் தானாக விழவில்லை, குறிபார்த்து எறிந்தான் என்று கொலை வழக்குப் போட்டார்கள்.

சர்க்கார் வக்கீல் கெட்டிக்காரர். பிணம் கிடந்த இடம் மரத்தின் அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்கு மேல் என்று போலீசார் எழுதிய மகசரில் இருந்தது. கைவிட்ட தேங்காய் அடியில்தானே விழும், பன்னிரண்டு அடி எப்படிப் போகும் என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டார். மகாதேவய்யர் இடத்தை அளந்து வர என்னை அனுப்பினார்.

நான் போனபோது மரம் இல்லை. ஆளைக் கொன்ற மரம் வீட்டில் நிற்கக் கூடாது என்று பதினாறாம் நாள் கழிந்ததும் வெட்டிவிட்டார்களாம். ஒரு பலாமரத்தின் பக்கத்தில் அடிக்கட்டை மட்டும் நின்றது. போலீஸ்காரர்கள் முளையடித்து வைத்திருந்த இடம் வரை அளவுச் சங்கிலி பிடித்தேன். பன்னிரண்டு அடி இரண்டு அங்குலம். மரத்தின் உயரம் நாற்பத்தைந்து அடி என்று மகசரிலேயே இருந்தது. தாளை எடுத்து நிரப்பினேன். ஆறாவது கேள்வி வந்தது. அடிக்கட்டையின் ஓரத்தில் குண்டு நூலைப் பிடித்துப் பார்த்தேன். அச்சாக நேராக இருந்தது. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கணக்கு மகாதேவய்யருடையது. நாற்பத்தைந்து அடி விழ ஒன்றரைச் செகண்டுக்குச் சற்று மேலே ஆகும். எறிந்தாலும் விட்டாலும் அதே நேரம்தான். அந்த நேரத்துக்குள் பன்னிரண்டு அடி பக்கவாட்டில் போகவேண்டுமானால் செகண்டுக்கு ஏழு அடிக்கு மேல் வேகம் வேண்டும். கை நழுவிய காய்க்கு அந்த வேகம் வராது, யாராவது கொடுக்க வேண்டும்.

செஷன்ஸ் கோர்ட்டில் அவர் அதைத்தான் சொன்னார். ஜட்ஜி கேட்டுக்கொண்டதால் இரட்டைக் குண்டைக் கோர்ட்டிலேயே செய்து காட்டினோம். விசையைத் தட்டியது நான்தான். சபை முழுதும் மூச்சடக்கிக் காது கொடுத்தது. ஒரே சத்தம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கூண்டில் நின்ற ஞானமுத்து, உருண்டு ஓடிய குண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரோசம்மா கதவோரம் நின்றாள். அவளுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்திருக்காது, ஆனால் எல்லோரும் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்ததை அவள் கண்டாள்.

பிரதியான ஞானமுத்துவுக்கு வாதாடிய வக்கீலின் குறுக்கு விசாரணை மறுநாள் பதினோரு மணிக்கு என்று வைத்தார்கள். அவர் சர்க்கார் செலவில் வைத்த இளம் வக்கீல். சாயங்காலம் சோதனைச்சாலைக்கு ஒரு சீட்டு வந்தது. அவர்தான் அனுப்பியிருந்தார். மரம் பிணம் கிடந்த பக்கமாக வளைந்து நின்றது என்று பிரதி முதலிலிருந்தே சொல்லிவருகிறான், செத்தவர் தரப்பு மரம் நேராக நின்றது என்கிறது, அக்கம்பக்கத்தவர்கள் அந்த வீட்டு நிலத்தில் குடியிருப்பவர்கள், வாய் திறக்க மறுக்கிறார்கள், ஆகவே தூக்குக்குண்டு பார்த்தது பற்றி நாளை கேட்பேன் என்று எழுதியிருந்தது.

மகாதேவய்யர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் தாளை எடுத்து மேஜையில் விரித்தார்.

“செல்லப்பா, ஆறாம் கேள்விக்கு ஆம்னு எழுதியிருக்காய். தூக்குக்குண்டை எதிலே பிடிச்சுப் பாத்தாய்?”

“அடிக்கட்டையில, சார்.”

“அது எத்தனை பொக்கம்?”

“ரெண்டரை அடி.”

“மரம்?”

“நாப்பத்தஞ்சு.”

“பாக்கி நாப்பத்திரண்டரை அடியை யாரு பாத்தா?”

பொய் எழுதவேண்டும் என்று எழுதியதல்ல. குண்டு பார்த்ததா என்று தாள் கேட்டது, பார்த்தேன், எழுதினேன். ஆனால் அந்த ஒரு ‘ஆம்’ இருப்பதால், மரம் வளைந்திருந்தது என்று சொல்கிறவன் பொய்யன் ஆகிவிட்டான். அவர் “இன்னொரு தடவை” என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு வில்வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் இருவரும் வண்டியில் போனோம். தோப்புக்கு முன்னால் அகலமான வாய்க்கால் ஒன்று உண்டு. தென்னந்தடி ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள், அதன் மேல் நடந்துதான் அக்கரைக்குப் போகவேண்டும். முதல் தடவை நானும் அதில்தான் போனேன். அது காலடியில் ஆடியது, போட்டவனைத் திட்டிக்கொண்டே கடந்தேன். இப்போது மகாதேவய்யர் முன்னால் போனார். நடுவில் தடி புரண்டது. மனிதர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் பதறிக் கை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரண்ட தடி தன்னாலே திரும்பி வந்துது, கண்டாயோ?” என்றார்.

அவர் கையால் தடியைப் புரட்டிவிட்டார். அது மெதுவாகப் புரண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. நேரான தடி புரண்டால் புரண்ட இடத்திலேயே கிடக்கும். வளைந்த தடிதான் தன் வளைவைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கப் பார்க்கும். பூமி அதை அப்படித்தான் இழுக்கும். இத்தனை வருஷம் விழும் குண்டைப் பார்த்தே பிழைத்த எனக்கு அது தோன்றவில்லை.

கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இது எந்த மரம் என்று கேட்டேன். “காரியஸ்தரு செத்த பொறவு முறிச்சது. தலைய வெட்டிக் களைஞ்சிட்டு இங்கெடுத்துப் போட்டாவ” என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று பயந்திருக்க வேண்டும். ஈரத்துணியை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் கோர்ட்டுக்கு வரமாட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. மரமேதான் சொல்ல வேண்டும். ஏறுவதற்குக் கால்வைக்க அதில் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். வளைந்த மரத்தில் முதுகுப் பக்கமாகத்தான் ஏறுவார்கள், வயிற்றுப் பக்கம் ஏறினால் ஆள் தொங்க வேண்டிவரும். தடியின் படிகள் முதுகு வளைவோடு வரிசையாகப் போயின. அடிக்கட்டையின் படிகளோ முளையடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தன. அதனால் மட்டும் அந்தத் தடி இந்த அடிக்கட்டையின் மரம்தான் என்று ஆகிவிடாது. மகாதேவய்யர் அடிக்கட்டையின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கோடாலி ஒரு படியின் நடுவே விழுந்திருந்தது. பாதிப் படி அடிக்கட்டையில் இருந்தது. வாய்க்காலுக்கு ஓடி வந்து தடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். மற்றப் பாதி அங்கே இருந்தது. அவர் இரண்டையும் இடுக்கிக்கோல் வைத்து அளந்தார். அகலம் ஒன்றே.

பிறகு கயிறு பிடித்தோம். அடிப்பாகம் நேராகப் போகிற திசையிலேயே கயிற்றை நுனி வரை இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றிலிருந்து மரத்தின் நுனி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தோம். பலாமரத்தின் நிழலை விட்டு வெளிச்சத்துக்குப் போன தென்னை அது. பத்தடி மூன்று அங்குலம் விலகியிருந்தது. நான் அவசரமாக இழுத்ததால் கயிறு துள்ளியது. மணி எட்டரை. “இன்னொரு தடவை” என்றார். மூன்று தடவை அளந்தோம். குலை தொங்குவது நுனியிலிருந்து இரண்டடி வெளியே. பன்னிரண்டு அடியில் பத்தேகால் அடி வளைவிலேயே போயிற்று, மீதி குலையில் போயிற்று. எறிவதற்கு அங்குலம்கூட மிச்சமில்லை. கைவிட்ட தேங்காய் அந்த இடத்தில்தான் விழும்.

இழுப்புக்கோ நேரத்துக்கோ நாங்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. தேங்காய் எங்கிருந்து புறப்பட்டது என்பதில்தான் பிழை. அந்தப் பிழை என்னுடையது.

ஈர வேட்டியோடேயே மகாதேவய்யர் கூண்டில் ஏறினார். பிரதி வக்கீல் கேள்வியை முடிப்பதற்கு முன்பே, நேற்றுச் சொன்ன முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். இடத்தைப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது தன் குற்றம் என்றார். பிறகு பாதிப் படி, கயிறு, பத்தடி மூன்று அங்குலம் எல்லாம் சொன்னார். கோர்ட்டில் ஒரே இரைச்சல். சர்க்கார் வக்கீல் என் தாளை உயர்த்திக் காட்டி, இதில் ஆம் என்று எழுதிய ஆள் யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். ஜட்ஜி என்னைக் கூண்டில் ஏற்றச் சொன்னார்.

சர்க்கார் வக்கீல் நேற்றெல்லாம் என்னிடம் சிரித்தவர், இன்று முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று மரம் நேர், இன்று வளைவு, நாளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். முன்பு எழுதியது பழக்கத்தில் எழுதியது, இன்றுதான் அளந்தேன் என்று சொன்னேன். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது ஜட்ஜி தானே ஒரு கேள்வி கேட்டார். முதல் தடவை அளந்தபோது பிரதி அங்கே இருந்தானா, மரத்தைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னானா?

முதல் தடவை போனதை மேலே எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். எழுதக் கை வரவில்லை. அன்று ஞானமுத்துவை விலங்கோடு அங்கே கொண்டு வந்திருந்தார்கள். நான் அடிக்கட்டையின் அருகே குண்டைத் தொங்கவிட்டுக் குனிந்திருந்தபோது, பின்னாலிருந்து அவன், “சாறே, இந்த மரம் நேரல்ல” என்று தொடங்கினான். குண்டு ஆடி நிற்கும் நேரத்தில் யாரும் பேசினால் எனக்குப் பிடிக்காது. திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினேன். போலீஸ்காரர் அவனைத் தள்ளி நிறுத்தினார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். பார்த்தவர் அந்தப் போலீஸ்காரர் ஒருவர்தான், அவர் கதவருகே நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். மகாதேவய்யருக்குக்கூட இது தெரியாது. வேலை போய்விடும் என்று பயந்தேன், ஊரில் அப்பா படுக்கையில் இருந்தார். கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்றேன். கையை உயர்த்தியதையும் சொன்னேன். ஜட்ஜி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வேலை போயிருந்தாலும் தேவலை.

அடுத்த வாரம் ஜட்ஜியே தோப்புக்கு வந்தார். தடியின் அடிமுனையில் ஒரு துண்டை அறுத்து அடிக்கட்டையின் மேல் பொருத்திக் காட்டினோம். பாதியும் பாதியும் சேர்ந்து ஒரு படி ஆயிற்று. ஞானமுத்து விடுதலை ஆனான். மகாதேவய்யர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அச்சாபீசுக்கு ஆள் அனுப்பி, ஆறாவது கேள்வியை ‘தூக்குக்குண்டு எதில், எத்தனை அடி வரை பார்த்தாய்?’ என்று மாற்றினார். இனி ஆம் என்று எழுத முடியாது. மற்றபடி அதைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் ஞானமுத்துவைக் கண்டேன். ஏழு மாதம் உள்ளே இருந்ததில் ஆள் பாதியாக இருந்தான். ரோசம்மாவின் இடுப்பில் நாலு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அவன் உள்ளே இருந்தபோது பிறந்தது. அன்றுதான் முதல் தடவையாக அவன் அதைத் தொட்டுப் பார்த்திருப்பான். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவன் என்னிடம் வந்தான். கும்பிடவுமில்லை, ஏசவுமில்லை.

“சாறே, ஒண்ணு கேக்கட்டா? குண்டு ஆடி நிக்குகதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?”

“அரை நிமிஷம்” என்றேன்.

“அது நின்ன பொறவு கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கலாம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். ரோசம்மா, பஸ் போய்விடும் என்று கூப்பிட்டாள். அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தான்.